வெட்டச் சொன்ன எர்த் அங்கே இருக்கவே இல்லை

"இடது பக்க ஸ்பீக்கர் இரையுது. வலது பக்கம் சுத்தமா இருக்கு. என்ன செய்யலாம்?"

இந்தக் கேள்வியோடு நாங்கள் பதுளை டவுனில் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மூன்று பதில்கள் கிடைத்தன. முதல் கடை: "எம்ப்ல ஐ.சி. போயிருச்சு, மாத்தணும்." செட்டைப் பார்க்காமலே சொன்னது. இரண்டாவது கடை: "பழைய சாமானுக்குக் காசைக் கொட்டாதீங்க. தூக்கிப் போட்டுட்டு ஒரு புளூடூத் பெட்டி வாங்குங்க." மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் மாதிரி பேசினார்: "இது எர்த் லூப் தம்பி. கம்பியூட்டர் பிளக்கைக் கழட்டி உள்ளுக்குள்ள இருக்கிற பச்சை வயரை எடுத்து விடுங்க. சத்தம் நின்னுரும்."

மூன்றாவது பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதை அந்த ஒரு கடைக்காரர் மட்டும் சொல்லவில்லை. எங்கள் மாமாக்கள் சொல்கிறார்கள், திருவிழாவுக்கு சவுண்ட் செட் போடுகிற அண்ணன்மார் சொல்கிறார்கள், யூடியூப் சொல்கிறது. வெட்கத்தோடு சொல்கிறோம்: நாங்களும் அதைச் செய்தோம். பச்சை வயரை எடுத்துவிட்டோம். இரைச்சல் ஒரு துளியும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்று தேடிப் போன கதைதான் கீழே வருகிறது. ஒரு ஸ்பீக்கரில் தொடங்கிய தேடல் எங்கள் லயத்து மண்ணில் போய் நின்றது.

லயத்துக்கு ஹைஃபை எதுக்கு?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இதைக் கேட்காத ஆள் இல்லை.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு லயக் காம்பராவைக் கழுவி வெள்ளையடித்து வாசிகசாலையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே ஒரு பழைய செட் இருக்கிறது. ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த எம்ப், ஒரு கசெட் டெக், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. ஜப்பான் சாமான் 100 வோல்ட்டில் ஓடும். நம் கரண்ட் 230. அதனால் நடுவில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர். பக்கத்தில் ஒரு பழைய கம்பியூட்டர்.

பாட்டுப் போட்டு ஆட வாங்கியது அல்ல இது. லயங்களில் தகரப் பெட்டிக்குள்ளும் அலுமாரி மேலும் கிடக்கிற கசெட்டுகளைக் கம்பியூட்டரில் ஏற்றத்தான் வாங்கினோம். அவற்றில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கல்யாண வீட்டுச் சத்தம் இருக்கிறது. காமன் கூத்து இருக்கிறது. செத்த வீட்டு ஒப்பாரி இருக்கிறது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன சொந்தத்துக்கு அனுப்புவதற்கென்று பேசிப் பதிந்து, அனுப்ப வழியில்லாமல் பெட்டியிலேயே தங்கிய குரல்கள் இருக்கின்றன. ஸி. வி. வேலுப்பிள்ளை எங்கள் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாடல்களைப் பாடிய தொண்டைகளை யார் வைத்தார்கள்? இந்த நாடாக்கள்தான் வைத்தன. நாடாவும் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. சில கசெட்டுகளை ஒரு தடவைக்கு மேல் ஓட்டப் பயமாக இருக்கிறது.

முதல் மூன்று கசெட்டுகளை ஏற்றிய பிறகுதான் ஹெட்போன் போட்டுக் கேட்டோம். ஒரு அம்மாயியின் தாலாட்டு. வலது காதில் அம்மாயி. இடது காதில் அம்மாயிக்கு மேலே "ர்ர்ர்ர்" என்று ஒரு தேனீக் கூடு. பதிவில் ஏறிவிட்ட இரைச்சலைக் குரலைக் கீறாமல் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. அந்த அம்மாயி இப்போது உயிரோடு இல்லை. ஆகவே "லயத்துக்கு ஹைஃபை எதுக்கு" என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில்: ஹைஃபை என்ற சொல்லுக்குப் பொருளே மூலக் குரலுக்கு விசுவாசமாக இருப்பதுதான். எங்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

"பழைய சாமான்" என்று சிரிக்கிறவர்களுக்கும் ஒன்று. 1925-இல் கொழும்பு வானொலி தொடங்குவதற்கு முன் நடந்த பரிசோதனை ஒலிபரப்புக்கு, முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிச் சாமான்களைக் கொண்டுதான் கருவி செய்தார்கள் என்பது இலங்கை வானொலியின் வரலாற்றில் எல்லோரும் சொல்கிற சேதி. இந்த நாட்டின் வானொலியே கழித்த சாமானில் பிறந்தது.

இரைச்சலைத் தேடுவது எப்படி

தேடுவதற்கு ஆயிரக்கணக்கில் செலவு தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றிய பிறகு காதைக் கொடுத்துக் கேட்டல், கேட்டதை எழுதி வைத்தல். ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே வயரில் கை வைக்க வேண்டும்.

முதலில் சத்தத்தின் குணம். நம் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று ஓடுகிறது. அதனால் வருகிற இரைச்சல் இரண்டு விதம். தடித்த, மெத்தென்ற "ம்ம்ம்" என்றால் பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ். வயர் எங்கோ வெளியிலிருந்து கரண்டைப் பிடிக்கிறது என்று பொருள். கரகரப்பான "ர்ர்ர்" என்றால் 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டும் கண்டென்சர் காய்ந்திருக்கலாம், அல்லது பக்கத்துக் கருவியின் கசிவு உள்ளே வரலாம். "டிட்டிட் டிட்டிட்" என்று விட்டுவிட்டு வந்தால் போனைத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். வொல்யூம் திருகும்போது மட்டும் "கர்ர் கர்ர்" என்றால் அது திருகிக்குள் தூசி.

இரண்டாவது, வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு எம்ப்பின் பின்பாதியில் அல்லது பவர் சப்ளையில். இரைச்சல் மறைந்தால் கோளாறு வொல்யூமுக்கு முன்னால்: வயர், டெக், இன்புட் துவாரம். எங்களுக்கு மறைந்தது. முதல் கடைக்காரர் பார்க்காமலே மாற்றச் சொன்ன ஐ.சி. அந்த நிமிடமே நிரபராதி ஆகிவிட்டது.

மூன்றாவது, இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா? பவர் சப்ளை இரண்டு சனலுக்கும் பொது. அது கெட்டால் பொதுவாக இரண்டு பக்கமும் இரையும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமான பாதையில் தேடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம்: இடமாற்றிப் பார்த்தல். ஸ்பீக்கர் வயர் இரண்டையும் எம்ப்பில் இடம் மாற்றினோம். இரைச்சல் மற்றப் பெட்டிக்குப் போனது. ஆக ஸ்பீக்கர் பெட்டியில் பிழை இல்லை. அவற்றைப் பழையபடி வைத்துவிட்டு, டெக்கிலிருந்து வருகிற வெள்ளை, சிவப்பு பின்களை எம்ப் பக்கம் மட்டும் மாற்றிச் செருகினோம். இரைச்சல் வலது பக்கம் போனது. எம்ப்பும் நிரபராதி. மிச்சம் இரண்டே சந்தேக நபர்கள்: டெக்கின் இடது வாய், அல்லது வெள்ளை வயர். இப்போது டெக் பக்கமும் பின்களை மாற்றினோம். டெக்தான் குற்றவாளி என்றால் இரைச்சல் இடம் மாற வேண்டும். மாறவில்லை. வெள்ளை வயர் எங்கே போனாலும் இரைச்சல் கூடவே போனது.

பின்னைத் திறந்து பார்த்தால், உள்வயரைச் சுற்றி வருகிற செப்புப் பின்னல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னல்தான் உள்ளே ஓடுகிற மெல்லிய சிக்னலுக்கு வேலி. வேலி அறுந்தால் மாடு மேயத்தானே செய்யும்? ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றினோம். தேனீக் கூடு போய்விட்டது.

இதைப் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. இடமாற்றிப் பார்க்கிற இந்த முறை ஸ்பீக்கருக்கு மட்டுமானதல்ல. "பிள்ளைங்க படிக்கிறதில்ல", "லயத்து ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது", "குடிச்சே அழியுறாங்க" என்று எங்களைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அந்த முதல் கடைக்காரர் மாதிரித்தான். வயரை இடம் மாற்றிப் பாருங்கள். அதே பிள்ளையைத் தண்ணியும் ஆசிரியரும் படிக்க மேசையும் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். பிழை பிள்ளையோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

"அந்தப் பெட்டி கடிக்குது"

ஒரு பக்க இரைச்சல் தீர்ந்தது. ஆனால் வொல்யூமைக் கூட்டினால் இரண்டு பக்கத்திலும் மெல்லிய ஒரு "ர்ர்" மிச்சம் இருந்தது. அதுவும் கம்பியூட்டரைச் செருகியிருக்கும்போது மட்டும். அப்போதுதான் நாங்கள் மறந்திருந்த ஒரு பேச்சு ஞாபகம் வந்தது.

வாசிகசாலையைக் கூட்டித் துடைக்க வருகிற அக்கா, மாதக்கணக்கில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பி, அந்தப் பெட்டி கடிக்குதுடா. ஈரக் கையோட தொட்டா சுர்ருனு ஏறுது." நாங்கள் சிரித்தோம். "செருப்புப் போட்டுட்டுத் தொடுங்கக்கா" என்றோம். பச்சை வயரை எடுத்துவிட்ட பிறகு ஒருநாள் அவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கம்பியூட்டர் பெட்டியைத் துடைத்தபோது கையை உதறிக்கொண்டு சுவரில் போய் மோதினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அதன் பிறகுதான் வயரிங் தெரிந்த, அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு அண்ணனைக் கூட்டிவந்தோம். அவர் மல்டிமீட்டரைப் பிளக் பொயின்ட்டில் வைத்தார். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230. சரி. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். காட்டவில்லை, முள் அங்கும் இங்கும் அலைந்தது. பொயின்ட்டைக் கழற்றினார். மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் என்று ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குப் பின்னால் சுவர் இருந்தது.

கடைக்காரர் வெட்டச் சொன்ன எர்த் அங்கே இருக்கவே இல்லை. நாங்கள் பச்சை வயரை எடுத்தும் சத்தம் மாறாததற்கு அதுதான் காரணம். அக்காவைப் பெட்டி மாதக்கணக்காகக் கடித்ததற்கும் அதுதான் காரணம்.

விஷயம் இப்படி. இந்தக் காலத்துக் கம்பியூட்டர்களின் பவர் சப்ளையில் சின்னக் கண்டென்சர்கள் இருக்கும். லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் இரும்புக்கு அவை போகும். எர்த் இருந்தால் அதில் கசிகிற மிகச் சிறிய கரண்ட் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் அந்த இரும்பு 230-இல் பாதியில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மண்ணுக்குப் போக வழி தேடும். ஓடியோ வயர் வழியாகப் போகப் பார்த்தால் ஸ்பீக்கரில் "ர்ர்". ஈரக் கையோடு ஒரு அக்கா தொட்டால் "சுர்ர்". இரண்டும் ஒரே கசிவின் இரண்டு சத்தங்கள்.

இந்தச் சுர்ர் தனியாக ஆளைக் கொல்கிற அளவு அல்ல. ஆனால் பவர் சப்ளைக்குள் ஒரு வயர் உரிந்து இரும்பில் பட்டால், அதே பாதையில் முழுக் கரண்டும் வரும். அப்போது செருப்பு காப்பாற்றாது. எர்த் வயர் இருப்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான். அதை வெட்டச் சொல்வது, மழை பெய்யும்போது ஒழுகுகிற சத்தம் கேட்கிறது என்று கூரையைக் கழற்றச் சொல்வது மாதிரி.

உண்மையான எர்த் லூப் என்பதும் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு இடத்தில் எர்த் ஆன இரண்டு கருவிகளை ஒரு ஓடியோ வயரால் இணைத்தால் வேலிப் பின்னல் வழியாகக் கரண்ட் சுற்றி இரையும். அதற்கும் வைத்தியம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பொயின்ட்டில் இருந்து எடுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் ஓடியோ வயருக்கு நடுவில் போடுகிற சின்னப் பிரிப்பு டிரான்ஸ்போமர் கிடைக்கிறது. எர்த்தில் கை வைக்கவே தேவையில்லை. இனி யாராவது "பச்சை வயரை எடுத்து விடு" என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரிய சவுண்ட் பாஸாக இருந்தாலும், வாயைத் திறந்து மறுத்துப் பேசுங்கள். மரியாதை வேறு, உயிர் வேறு.

மண் இல்லாதவருக்கு எர்த் இல்லை

எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராக்களையும் அந்த அண்ணன் பார்த்தார். அதே கதை. முன் காம்பராவில் ஒரு பொயின்ட். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோட் பின் குசினிக்கு. அங்கிருந்து இன்னொன்று மண்சுவரில் ஆணி அடித்துப் போட்ட விளக்குக்கு. மூன்று துவாரப் பொயின்ட்டில் இரண்டு கால் பிளக்கைச் செருக, மேல் துவாரத்தில் பேனா மூடியைக் குத்தித் திறக்கிற பழக்கம் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த மேல் துவாரம் எதற்கு என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

இலங்கையில் மின்சாரம் வழங்குகிறவர்கள் எர்த்தைத் தூணில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. லைவும் நியூட்ரலும் மட்டும் வரும். எர்த்தை அந்தந்த வீட்டுக்காரர் தன் வளவில் ஒரு செம்புக் கம்பியை நட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். டவுனில் இது பெரிய விஷயமே இல்லை. வீட்டுக்காரருக்குக் காணி இருக்கிறது, நட்டுக்கொள்கிறார்.

இப்போது லயத்துக்கு வாருங்கள். வீடு யாருடையது? எங்களுடையது அல்ல. வாசல் யாருடையது? அதுவும் இல்லை. 1970-களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992-இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை மட்டும் எங்களுடையது. 2023-இல் "மலையகம் 200" என்று மேடை போட்டு, மாலை போட்டு, படம் பிடித்தார்கள். இருநூறு வருடம் ஆன பிறகும் ஒரு செம்புக் கம்பியை மண்ணில் இறக்க எங்களுக்குத் துரையின் கடிதம் தேவைப்படுகிறது. எர்த் என்றால் மண். மண் உரிமை இல்லாதவருக்கு எர்த் இல்லை. இது சொல் விளையாட்டில்லை. எங்கள் லயத்துப் பொயின்ட்டைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற உண்மை.

"கம்பி ஒன்றை நீங்களே நட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கம்பி மட்டும் போதாது. மண்ணின் தடை அதிகம். உதாரணத்துக்கு 50 ஓம் என்று வையுங்கள். பழுதான இரும்பிலிருந்து 230 வோல்ட் அந்த வழியாகப் போனாலும் 5 ஆம்பியர்கூட ஓடாது. 15 ஆம்பியர் பியூஸ் எரியாது. பெட்டி உயிரோடு கடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கம்பியோடு ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் அது விழுந்துவிடும். இன்னொன்று: ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற அந்த ஜூலை–செப்டெம்பர் வரண்ட காற்று, மண்ணையும் காயவைக்கிறது. காய்ந்த மண்ணில் எர்த்தின் வலு இன்னும் குறையும். உலகச் சந்தையில் எங்கள் கொழுந்து மணக்கிற அதே மாதங்களில்தான் எங்கள் மண் எங்களைக் காப்பாற்றுகிற சக்தியை இழக்கிறது. இதை அளந்து, சரியான ஆழத்தில் நட்டு, சோதித்துத் தருவது தெரிந்தவர் செய்கிற வேலை. அது ஒவ்வொரு காம்பராக்காரரும் ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்கிற கைவேலை அல்ல.

ஸ்டோரில் இது எல்லாம் இருக்கிறது. எங்கள் அண்ணன்மார் அங்கே வேலை செய்கிறார்கள். கொழுந்து அரைக்கிற ரோலர் மோட்டருக்கு எர்த் வயர் ஒழுங்காகப் போவதைப் பார்க்கிறார்கள். மெஷினைக் காப்பாற்றத் தெரிந்த தோட்டத்துக்கு, மெஷின் ஓட்டுகிறவர் தூங்குகிற காம்பராவைக் காப்பாற்றத் தெரியாதா? 2024 ஏப்ரலில் உமா ஓயாத் திட்டத்தைத் திறந்தார்கள். 120 மெகாவாட். எங்கள் மாவட்டத்து ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பி எடுத்த கரண்ட். அந்தச் சுரங்கம் தோண்டியதில் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கரண்ட் இந்த மலையில் பிறக்கிறது. அதன் பாதுகாப்பு மட்டும் இந்த மலை ஏற மாட்டேன் என்கிறது.

"மின் ஒழுக்கே காரணம்"

லயத்தில் தீப்பிடித்தால் பத்திரிகையில் என்ன வரும் என்று உங்களுக்கு மனப்பாடம். மின் ஒழுக்குத்தான் காரணம் என்று ஆரம்பக்கட்ட விசாரணையில் தெரியவந்திருக்கிறது என்று வரும். இத்தனை குடும்பம் தற்காலிகமாகப் பாடசாலையில் தங்கவைப்பு என்று வரும். ஒரு அரசியல்வாதி அரிசிப் பையோடு நிற்கிற படம் வரும். அத்தோடு செய்தி முடியும்.

மின் ஒழுக்கு என்பது காரணம் அல்ல, அறிகுறி. ஏன் ஒழுகியது? வயரிங் எத்தனை வருடம் பழசு? ட்ரிப் சுவிட்ச் இருந்ததா? புது இணைப்புக்கு எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும் என்று விதி இருக்கும்போது, இந்த லயத்துக்கு அவை ஏன் இல்லை? ஆரம்பக்கட்ட விசாரணை என்றால் அடுத்த கட்டம் எங்கே? யாரும் கேட்பதில்லை. "ஐ.சி. போயிருச்சு" என்ற முதல் கடைக்காரரின் பதிலும் "மின் ஒழுக்கு" என்ற பதிலும் ஒரே சாதி. கேட்கிறவரின் வாயை அடைக்கிற பதில்கள்.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சரிந்த பிறகு "போகச் சொன்னோம், போகவில்லை" என்றார்கள். போவதற்கு மண் கொடுத்தார்களா? எச்சரிக்கை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும், எச்சரிக்கைச் சத்தத்தை வெட்டிவிடுவதும் எங்களுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

எங்கள் பக்கத்திலேயே ஒரு வாதம் வரும். "லயத்தையே இடிக்கணும்னு போராடுறோம். நீங்க லயத்துக்கு எர்த் கேக்குறீங்க. இது லயத்தை நிரந்தரமாக்குற வேலை தோழர்." கேட்டிருக்கிறோம், மதிக்கிறோம், ஏற்க மாட்டோம். லயம் போக வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியோடு காணியும் தனி வீடும் வேண்டும். ஏழு பேர்ச் என்று தொடங்கிய வீட்டுத் திட்டம் போகிற வேகத்தை எல்லோரும் பார்க்கிறோம். அந்த வீடு வரும்வரை இந்தக் காம்பராவில் ஒரு பிள்ளை ஈரக் கையோடு சுவிட்ச்சைத் தொடும். அந்தப் பிள்ளையிடம் "விடுதலை வரும்வரை செருப்புப் போட்டுக்கொள்" என்று சொல்ல எங்களால் முடியாது. அக்காவிடம் ஒருமுறை சொன்னது போதும்.

ஆகவே கேட்கிறோம்

தோட்ட நிர்வாகங்களிடம்: எர்த் கம்பி நட அனுமதிக் கடிதம் கேட்டு வருகிறவரை வாரக்கணக்கில் அலைக்கழிக்காதீர்கள். வாசிகசாலைக்கு நாங்கள் அலைந்தது எங்களுக்குத் தெரியும். லயத்துக்கு லயம் பொதுவாக எர்த் போட்டுத் தருவது உங்கள் பொறுப்பு.

மின்சாரம் வழங்குகிறவர்களிடம்: "மின்சாரம் வழங்கப்பட்ட வீடு" என்று கணக்கெடுக்கும்போது பல்ப் எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

சந்தா வாங்குகிற சங்கங்களிடம்: அடுத்த பேச்சில் சம்பளத்தோடு சேர்த்து வயரிங்கையும் மேசையில் வையுங்கள்.

ரிப்பேர் கடை அண்ணன்மாரிடம்: பச்சை வயரை வெட்டச் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

எங்களைப் போன்ற இளசுகளிடம்: இரைச்சலை மூட வொல்யூமைக் கூட்டாதீர்கள். பேனா மூடியால் எர்த் துவாரத்தைக் குத்தாதீர்கள். பெட்டி கடிக்குது என்று வீட்டில் ஒரு அம்மா சொன்னால் சிரிக்காதீர்கள். எங்கள் மல்டிமீட்டருக்கு முன்பே அந்த அக்காவின் கை அளந்து சொல்லிவிட்டது. கேட்கிற காதுதான் எங்களுக்கு இருக்கவில்லை.

வாசிகசாலைக்கு இப்போது எர்த் இருக்கிறது, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. மிச்சமிருந்த "ர்ர்" நின்றுவிட்டது. அக்கா ஈரத் துணியோடு பெட்டியைத் துடைக்கிறார் — நாங்கள் பிளக்கைக் கழற்றிவிட்டோமா என்று பார்த்துவிட்டு. இரைச்சலோடு ஏறிய மூன்று கசெட்டுகளில் இரண்டை மறுபடி ஏற்றிவிட்டோம். மூன்றாவது, அந்தத் தாலாட்டு, நாடா அறுந்துவிட்டது. ஒட்டிப் பார்க்கிறோம்.

பக்கத்துக் காம்பராக்களில் இன்னும் எர்த் இல்லை. வருகிற ஞாயிறு காலை அந்த அண்ணன் மீட்டரோடு வாசிகசாலைக்கு வருகிறார். உங்கள் எக்ஸ்டென்ஷன் கோட், கடிக்கிற ஐயன், இரைகிற செட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். காம்பரா காம்பராவாகப் போய்ப் பார்த்து, எர்த் இல்லாத காம்பராக்களின் பட்டியலை எழுதி, கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலை பிரட்டு முடிந்ததும் ஒபிசுக்குக் கொண்டு போகிறோம்.